பதினான்கு ஆட்டங்களில் ஒரு வருடம்

2025 ஜூலை 5. தாய்லாந்தின் சியாங் மாய் நகரம். பெண்கள் ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டம். அதற்கு முன் மங்கோலியாவை 13-0, திமோர் லெஸ்தேயை 4-0, ஈராக்கை 5-0 என்று அடித்துவிட்டு வந்திருந்தது இந்தியா. தாய்லாந்தும் சளைக்கவில்லை. இரு அணிக்கும் புள்ளிகள் சமம், கோல் வித்தியாசமும் சமம். ஜெயிக்கிறவர்களுக்கு ஆசியக் கோப்பை நடக்கவிருந்த ஆஸ்திரேலியாவுக்கு டிக்கெட். ஆடுவது தாய்லாந்தின் சொந்த மண். 2015, 2019 என்று இரண்டு உலகக் கோப்பைகளில் ஆடிய அணி அது. இந்தியப் பெண்கள் அணி ஒரு உலகக் கோப்பையையும் எட்டிப் பார்த்ததில்லை.

29-வது நிமிடம். பெனால்டி பாக்ஸுக்கு வெளியிலிருந்து சங்கீதா பாஸ்ஃபோர் அடித்த பந்து வலைக்குள் போனது. இடைவேளை முடிந்த கையோடு தாய்லாந்து சமன் செய்தது. அதன் பிறகு இந்தியா நடுங்கும் என்று எதிர்பார்த்தவர்கள்தான் அதிகம்; பல வருடங்களாக நடந்த கதை அதுதானே. 74-வது நிமிடத்தில் கார்னரில் கிளம்பிய பந்தைத் தலையால் முட்டி உள்ளே தள்ளினார் அதே சங்கீதா. 2-1. தகுதிச் சுற்றில் ஆடி ஜெயித்து இந்தியப் பெண்கள் ஆசியக் கோப்பைக்குள் நுழைந்தது அதுவே முதல் முறை.

மறுநாள் பேப்பர்களில் ‘யார் இந்த சங்கீதா?’ என்று தலைப்புகள் வந்தன. மேற்கு வங்காளத்தின் கல்யாணி ஊர்க்காரர். எல்லைக் காவல் படைகளில் ஒன்றான சசஸ்திர சீமா பல்லில் வேலை. அந்த ஆண்டு இந்தியன் விமன்ஸ் லீகை, சுருக்கமாக ஐ.டபிள்யூ.எல்.-ஐ, வென்ற ஈஸ்ட் பெங்கால் அணியின் மிட்ஃபீல்டர். இதெல்லாம் எழுதப்பட்டது. எழுதப்படாத ஒன்று உண்டு. அந்த சீசனில் நம் நாட்டின் உச்சபட்ச பெண்கள் லீகில் ஒரு வீராங்கனைக்கு அதிகபட்சம் எத்தனை ஆட்டங்கள் கிடைத்தன தெரியுமா? பதினான்கு.

எட்டு அணிகள், ஒவ்வொன்றோடும் சொந்த ஊரில் ஒரு முறை, எதிரணியின் ஊரில் ஒரு முறை. ஜனவரியில் தொடங்கி ஏப்ரலில் கதை முடிந்தது. அப்போது இங்கிலாந்தின் பெண்கள் சூப்பர் லீகில் ஒரு சீசனுக்கு 22 ஆட்டம். அமெரிக்காவில் 26. ஸ்பெயினில் 30. வெளிநாடு வேண்டாம் என்றால், அதே 2024-25-ல் நம் ஆண்களின் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) அணி ஒவ்வொன்றும் 24 லீக் ஆட்டம் ஆடியது.

இந்தியப் பெண்கள் கால்பந்தைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் வறுமையையும் வைராக்கியத்தையும் பற்றியே பேசிவிட்டு எழுந்துவிடுகிறோம். வைராக்கியத்துக்குப் பஞ்சமில்லை, அதை ஒப்புக்கொள்வோம். பஞ்சம் ஆட்டத்துக்குத்தான். திறமை இருக்கும் பெண்ணுக்கு வாரம் ஒரு சீரியஸான மேட்ச் கிடைக்கிறதா, வருடத்தில் எத்தனை மாதம் கிடைக்கிறது? ஐ.டபிள்யூ.எல்.-இன் மொத்தக் கதையையும் இந்த ஒரு கேள்வியை வைத்தே படித்துவிடலாம்.

தடையும் இல்லை, ஆட்டமும் இல்லை

இங்கிலாந்தில் 1921-ல் பெண்கள் கால்பந்துக்கு அந்நாட்டு சங்கம் தடையே போட்டது. தன் மைதானங்களில் பெண்கள் ஆடக் கூடாது என்றது. அது நீங்க 50 வருடம் ஆனது. நம் நாட்டில் யாரும் தடை போடவில்லை. ஃபிக்ஸ்சரே போடவில்லை, அவ்வளவுதான்.

ஆரம்பம் என்னவோ பிரமாதமாகத்தான் இருந்தது. 1975-ல் இந்தியப் பெண்கள் கால்பந்துக்கென்று தனி சம்மேளனம் உருவானது. 1980 ஜனவரியில் கோழிக்கோட்டில் ஆசிய சாம்பியன்ஷிப் நடந்தபோது இந்தியா இரண்டாம் இடம். 1983-ல் பாங்காக்கில் மீண்டும் இரண்டாம் இடம். சாந்தி மல்லிக் அர்ஜுனா விருது வாங்கிய முதல் பெண் கால்பந்து ஆட்டக்காரர் ஆனதும் அதே 1983-ல்தான். ஆசியாவில் அன்று ஜப்பான் நமக்கு எட்டாத உயரத்தில் இருக்கவில்லை. 1989-ல் ஜப்பான் பெண்களுக்கு ஒரு தேசிய லீகை ஆரம்பித்தது. 2011-ல் உலகக் கோப்பையை வென்றது. நாம் தேசிய லீகை ஆரம்பிக்க 2016 ஆனது.

இடையில் என்ன நடந்தது? மாநில அணிகள் மோதும் தேசிய சாம்பியன்ஷிப் வருடத்துக்கு ஒரு முறை நடக்கும், சில வருடம் அதுவும் நடக்காது. இந்திய அணியே நீண்ட காலம் ஒரு சர்வதேச ஆட்டமும் ஆடாமல் இருந்ததால் 2009-ல் ஃபிஃபா தன் தரவரிசைப் பட்டியலிலிருந்து இந்தியாவின் பெயரை எடுத்துவிட்டது. கடைசி இடத்துக்குத் தள்ளப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. பட்டியலிலேயே இல்லை. ஆனாலும் 2010-ல் தொடங்கி 2019 வரை தெற்காசியக் கோப்பையை ஐந்து முறை தொடர்ந்து வென்றார்கள் இந்தப் பெண்கள். மணிப்பூரின் பெம்பெம் தேவி போன்றவர்கள் எந்த லீகும் இல்லாத காலத்தில் தாமே ஒரு தலைமுறையைத் தூக்கிச் சுமந்தார்கள். அவருக்குப் பத்மஸ்ரீ வந்தது 2020-ல்.

டெல்லியில் பதினெட்டு நாள்

2016 அக்டோபரில் கட்டாக்கில் முதல்நிலைச் சுற்று; 2017 ஜனவரி 28 முதல் பிப்ரவரி 14 வரை டெல்லி அம்பேத்கர் ஸ்டேடியத்தில் இறுதிச் சுற்று. அதுதான் முதல் இந்தியன் விமன்ஸ் லீக். ஆறே அணிகள். மணிப்பூரின் ஈஸ்டர்ன் ஸ்போர்ட்டிங் யூனியன், ஒடிசாவின் ரைசிங் ஸ்டூடன்ட்ஸ், மிசோரத்தின் ஐஸ்வால், ஹரியானாவின் ஒரு கிராமத்தின் பெயரையே தாங்கிய அலக்புரா, ஐ.எஸ்.எல். குடும்பத்திலிருந்து ஒரே பிரதிநிதியாக எஃப்.சி. புனே சிட்டி. ஆறாவது ஒரு கல்லூரி அணி: ஜேப்பியார்.

இந்தப் பட்டியலை ஒரு முறை நிதானமாகப் பார்க்க வேண்டும். ஆண்கள் கால்பந்தில் கோடிகள் புரண்டுகொண்டிருந்த நேரம் அது. பெண்கள் லீகைத் தொடங்கிவைத்தவர்களோ ஒரு கிராமம், ஒரு கல்லூரி, ஒரு மாணவர் சங்கம், இம்பாலின் ஒரு உள்ளூர் கிளப். பணம் இருந்த கிளப்புகளில் ஒன்றைத் தவிர மற்றவை வேடிக்கை பார்த்தன. ஈஸ்டர்ன் ஸ்போர்ட்டிங் 3-0 என்று ரைசிங் ஸ்டூடன்ட்ஸை வீழ்த்திக் கோப்பையை இம்பாலுக்குக் கொண்டுபோனது.

பதினெட்டே நாளில் எல்லாம் முடிந்தது. அணிக்கு ஐந்து லீக் ஆட்டம், அதன் பிறகு அரையிறுதி, இறுதி. அதற்கு லீக் என்று பெயர் வைத்தது நம்முடைய பெருந்தன்மை. உண்மையில் அது டோர்னமென்ட். எல்லாரும் ஒரு ஊருக்கு வந்து, விடுதியில் தங்கி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆடி, பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்புவது. அடுத்த பல வருடங்கள் இதே கதைதான், ஊர் மட்டும் மாறியது. 2018-ல் ஷில்லாங், 2019-ல் லூதியானா, 2020-ல் பெங்களூரு. 2021-ல் கொரோனா, லீகே இல்லை. 2022-ல் புவனேஸ்வர், 2023-ல் அகமதாபாத்.

அகமதாபாத் சீசனைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். ஏப்ரல் 26-ல் ஆரம்பம், மே 21-ல் இறுதி. குஜராத்தின் கத்திரி வெயில். 16 அணிகள், இரண்டு பிரிவு. இறுதிவரை போன அணிக்குப் பத்து ஆட்டம். கிடைத்தது 26 நாள். இரண்டரை நாளைக்கு ஒரு மேட்ச். கால்பந்தில் ஒரு முழு ஆட்டம் ஆடிவிட்டு வந்தால் கால் தசை பழைய நிலைக்கு வர மூன்று நாளாவது பிடிக்கும். முழங்கால் லிகமென்ட் கிழிவது ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் என்பது விளையாட்டு மருத்துவத்தில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. வருடம் முழுக்க ஆட்டம் இல்லாமல் உட்கார வைத்துவிட்டு, ஒரே மாதத்தில் மொத்தத்தையும் கொட்டி ஆடச் சொன்னால் எந்த உடம்பு தாங்கும்? ஒரு சின்ன காயம் பட்டால் அந்தப் பெண்ணின் வருடமே போச்சு. அடுத்த ஆட்டம் அடுத்த கோடையில்.

மதுரை தூக்கிய கோப்பை

தமிழ்நாட்டுக்கு இந்த லீகில் இருக்கும் உரிமை இரவல் இல்லை. 2017-18 சீசனின் இறுதிச் சுற்றில் ஆடிய ஏழு அணிகளில் இரண்டு நம்முடையவை. ஒன்று மதுரையின் சேது எஃப்.சி., மற்றது கடலூரின் இந்திரா காந்தி அகாடமி. அடுத்த ஆண்டே, 2019 மே 22 அன்று, லூதியானா குருநானக் ஸ்டேடியத்தில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வீழ்த்தி சேது எஃப்.சி. இந்திய சாம்பியன் ஆனது. தென்னிந்தியாவுக்கு வந்த முதல் ஐ.டபிள்யூ.எல். கோப்பை அதுதான். மதுரைக்காரர்களிலேயே எத்தனை பேருக்கு இது தெரியும் என்று கேட்டால் பதில் சொல்லச் சங்கடமாக இருக்கும்.

2022-ல் சேது மீண்டும் கோப்பைக்கு அருகில் வந்து தவறவிட்டது. பன்னிரண்டு அணிகள், அணிக்குப் பதினோரு ஆட்டம். கடைசி நாள்வரை சேதுவும் கேரளத்தின் கோகுலமும் ஒரு ஆட்டத்தையும் விடாமல் ஜெயித்துக்கொண்டே வந்தன. கடைசி ஆட்டம் அவர்கள் இருவருக்கும் இடையே. சேது முதலில் கோல் போட்டது. கோகுலம் மூன்று போட்டது. எந்த நாட்டு லீகும் காசு கொடுத்து எழுதி வாங்க ஆசைப்படும் கிளைமாக்ஸ் அது. நம் டி.வி. சேனல்கள் அன்று எதைக் காட்டிக்கொண்டிருந்தன என்று தேடிப் பார்க்க வேண்டாம். மே மாதம் என்று சொன்னாலே புரியும்.

தேசிய சாம்பியன்ஷிப்பிலும் தமிழ்நாடு இரண்டு முறை கோப்பை தூக்கியிருக்கிறது. 2018-ல் கட்டாக்கில் மணிப்பூரை 2-1, 2023-ல் அமிர்தசரஸில் ஹரியானாவை 2-1. மணிப்பூரை ஒரு இறுதியாட்டத்தில் வீழ்த்துவது சின்ன விஷயமில்லை. இந்தப் போட்டியைத் தன் வீட்டுச் சொத்துபோல வைத்திருந்த மாநிலம் அது.

இந்த வெற்றிகளின் வேர் பெருநகரங்களில் இல்லை. கடலூரில் இருக்கிறது. இந்திய அணிக்கு ஆடிய இந்துமதி கதிரேசனும் சந்தியா ரங்கநாதனும் அந்த மாவட்டத்திலிருந்து வந்தவர்கள். 2004 சுனாமிக்குப் பிறகு அங்கே பெண்களைச் சேர்த்துக் கால்பந்து கற்றுக்கொடுத்த பயிற்சியாளர் மாரியப்பனின் பெயர் தமிழ்நாட்டு விளையாட்டு வரலாற்றில் பெரிய எழுத்தில் இருக்க வேண்டியது.

காலை ஐந்தரை மணிக்குத் தமிழ்நாட்டின் எந்த மாவட்ட ஸ்டேடியத்துக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். ஒரு மூலையில் இருபது பெண்கள் ஓடிக்கொண்டிருப்பார்கள். புல் பாதி, மண் பாதி. கோல் போஸ்ட் இருக்கும், வலை இருக்காது. பூட்ஸ் பெரும்பாலும் சீனியர் அக்கா போட்டுக் கழற்றிக் கொடுத்தது. அளவு ஒன்று கூடுதல் என்றால் இரண்டு ஜோடி சாக்ஸ். ஷின் கார்டு எல்லாரிடமும் இருக்காது. மாஸ்டர் விசில் ஊதினால் நிற்பார்கள், மறுபடி ஊதினால் ஓடுவார்கள். ஏழரைக்குக் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டு யூனிஃபார்ம் மாற்றிப் பள்ளிக்கூடம். சாயங்காலம் மறுபடி கிரவுண்டு.

“இதை ஆடி என்னடி ஆகப்போற?” என்று வீட்டில் கேட்பார்கள். அதற்கு அந்தப் பெண்கள் வைத்திருக்கும் பதில் என்ன தெரியுமா? “ஸ்போர்ட்ஸ் கோட்டால போலீஸ்ல எடுப்பாங்கம்மா.”

சேதுவுக்கு ஆடுவேன் என்றோ, ஈஸ்ட் பெங்கால் கூப்பிடும் என்றோ அவர்கள் சொல்வதில்லை. போலீஸ் வேலை. அதில் தப்பே இல்லை. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவிகித ஒதுக்கீடு பல குடும்பங்களைத் தூக்கி நிறுத்தியிருக்கிறது. இந்துமதியே தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர்தான். சங்கீதாவுக்கு எல்லைக் காவல் படை, வேறு பலருக்கு ரயில்வே. மணிப்பூர் போலீஸ் என்று ஒரு அணியே லீகின் இறுதிவரை வந்திருக்கிறது. ஆனால் இதன் அர்த்தம் ஒன்றுதான். இந்தியப் பெண்கள் கால்பந்தை உண்மையில் இவ்வளவு காலம் ஸ்பான்சர் செய்தது எந்த கார்ப்பரேட் கம்பெனியும் இல்லை. காக்கிச் சட்டைதான். லீகை நம்பி யாரும் வாழ்க்கையை அமைத்துக்கொள்ளவில்லை. மூன்று வாரம் நடக்கும் ஒன்றை நம்பி யார் அமைத்துக்கொள்வார்கள்?

சொந்த ஊரில் ஆடலாம்

2023 டிசம்பரில்தான் விஷயம் மாறத் தொடங்கியது. முதல் முறையாக ஹோம்-அவே முறை. ஏழு அணிகள், அணிக்கு 12 ஆட்டம், 2024 மார்ச் வரை. கீழே இரண்டாம் டிவிஷனும் வந்தது. மேலே போகலாம், கீழே இறங்கலாம் என்ற பயமும் ஆசையும் வந்தது. ஒடிசா எஃப்.சி. சாம்பியன்.

அதையொட்டி இந்தியக் கால்பந்து சம்மேளனம் இன்னொரு விதியும் கொண்டுவந்தது. ஐ.டபிள்யூ.எல். கிளப் ஒவ்வொன்றும் குறைந்தது பத்து இந்திய வீராங்கனைகளுடன் ஆண்டுக்குக் குறைந்தபட்சம் 3.2 லட்சம் ரூபாய்க்கு ஒப்பந்தம் போட வேண்டும். மாதக் கணக்கில் சுமார் 26,700 ரூபாய். இதை அற்பத் தொகை என்று கேலி செய்தவர்கள் உண்டு. எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. “இதை ஆடி என்ன ஆகப்போற?” என்று கேட்கும் அம்மாவிடம் காட்ட ஒரு காகிதம் கிடைத்திருக்கிறது, அதில் ஒரு தொகை அச்சாகியிருக்கிறது. ஆனால் அணியில் இருப்பது பத்துப் பேர் மட்டும் இல்லை. இருபத்தைந்து பேர் இருக்கும் அணியில் பதினோராவது பெண்ணுக்கு எவ்வளவு, பதினைந்தாவது பெண்ணுக்கு எவ்வளவு என்பதை அந்த விதி கண்டுகொள்ளவில்லை.

ஹோம்-அவே என்பதை வெறும் அட்டவணை மாற்றமாகப் பார்க்கக் கூடாது. வாரத்துக்கு ஒரு ஆட்டம் என்று வந்தால்தான் கோச் தவறைத் திருத்த நாள் கிடைக்கும்; காயம் பட்டவள் குணமாகி அதே சீசனில் திரும்பி வர முடியும். பதினெட்டு நாள் டோர்னமென்டில் இருப்பதை வைத்து ஆடத்தான் நேரம். புதிதாக ஒன்றைக் கற்க நேரம் ஏது? அதோடு, சொந்த ஊரில் ஆட்டம் என்றால் அந்த ஊர்ச் சிறுமிகள் வந்து பார்ப்பார்கள். எங்கோ லூதியானாவில் மதுரை அணி கோப்பை தூக்கியதை மதுரைச் சிறுமி எப்படிப் பார்த்திருக்க முடியும்?

2024-25-ல் எட்டு அணிகளாகி, ஈஸ்ட் பெங்கால் கோப்பையை வென்றது. முன்பு கோகுலத்துக்கு இரண்டு கோப்பை வாங்கித் தந்த கோச் ஆண்டனி ஆண்ட்ரூஸ்தான் அப்போது ஈஸ்ட் பெங்காலில் இருந்தார். அதிக கோல் போட்டவர் கோகுலத்தின் உகாண்டா வீராங்கனை ஃபசிலா இக்வாபுட். இந்த லீக் வெளிநாட்டுப் பெண்களுக்கும் ஒரு படிக்கட்டாகியிருக்கிறது. நேபாளத்தின் சபித்ரா பண்டாரி சேதுவிலும் கோகுலத்திலும் கோல் குவித்துவிட்டு இஸ்ரேல், பிரான்ஸ் என்று போனார். கோகுலத்தில் ஆடிய பஞ்சாபின் மனீஷா கல்யாண் சைப்ரஸின் அப்பலோன் அணிக்குப் போய், 2022 ஆகஸ்டில் ஐரோப்பிய பெண்கள் சாம்பியன்ஸ் லீகில் ஆடிய முதல் இந்தியர் ஆனார்.

தாஷ்கண்டில் நின்றவர்கள்

மனீஷா அந்தப் பெருமையைப் பெற்ற அதே வாரம் அவருடைய பழைய அணியினர் எங்கே இருந்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆசிய கிளப் சாம்பியன்ஷிப்பில் ஆட கோகுலம் அணி உஸ்பெகிஸ்தானின் தாஷ்கண்டில் போய் இறங்கியிருந்தது. இறங்கிய கையோடு செய்தி வந்தது: இந்தியக் கால்பந்து சம்மேளனத்தை ஃபிஃபா இடைநீக்கம் செய்துவிட்டது. மூன்றாம் தரப்புத் தலையீடு என்று காரணம். இந்திய கிளப் எதுவும் சர்வதேசப் போட்டியில் ஆட முடியாது. சம்மேளன நாற்காலிச் சண்டைக்கும் இந்தப் பெண்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பதினோரு ஆட்டத்தில் பதினொன்றையும் ஜெயித்து அந்த இடத்தைச் சம்பாதித்தவர்கள் அவர்கள். பிரதமர் தலையிட வேண்டும் என்று கிளப் மன்றாடியது. தடை நீங்கியது ஆகஸ்ட் 26-ல். அதற்குள் போட்டி கைவிட்டுப் போயிருந்தது. ஆடாமலே திரும்பினார்கள்.

இந்தியக் கால்பந்தில் மேலே யார் எந்தத் தப்பு செய்தாலும் கீழே முதல் பில் பெண்களுக்குத்தான் வருகிறது. 2023 மார்ச்சில் ஐ.எஸ்.எல். பிளே-ஆஃப் ஆட்டத்தில் பாதியிலேயே மைதானத்தைவிட்டு வெளியேறியது கேரளா பிளாஸ்டர்ஸ் ஆண்கள் அணி. சம்மேளனம் 4 கோடி ரூபாய் அபராதம் போட்டது. அபராதத்தைக் காரணம் காட்டி ஜூனில் அந்த கிளப் நிறுத்திவைத்தது எதை? தன் பெண்கள் அணியை. நடுவரோடு தகராறு செய்து கிளம்பியது ஆண்கள். வீட்டுக்கு அனுப்பப்பட்டது பெண்கள்.

2024 மார்ச்சில் கோவாவில் இரண்டாம் டிவிஷன் ஆட வந்த இமாச்சல் கிளப் ஒன்றின் வீராங்கனைகள் இருவர், தங்கள் அறைக்குள் வந்து அடித்ததாகப் புகார் கொடுத்தார்கள். யார் மீது? சம்மேளனத்தின் செயற்குழு உறுப்பினர் ஒருவர் மீதே. அவர் கைதாகி, பதவியிலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டார். ஆட்டமும் சம்பளமும் பற்றிப் பேசும்போது விடுதி அறையின் தாழ்ப்பாளைப் பற்றியும் பேச வேண்டிய நிலையில்தான் இந்த லீக் இருக்கிறது.

பதினேழு கோல்

2024 அக்டோபர். ஒடிசா எஃப்.சி., புதிதாகத் தொடங்கிய ஆசிய பெண்கள் சாம்பியன்ஸ் லீகின் பிரிவுச் சுற்றுக்குத் தகுதி பெற்று வியட்நாமின் ஹோ சி மின் நகரத்தில் ஆடியது. எதிரே ஜப்பானின் உராவா ரெட் டயமண்ட்ஸ். முடிவு 17-0.

சமூக வலைத்தளங்களில் கேலி பறந்தது. கேலி செய்தவர்கள் பார்க்காமல் விட்ட விஷயம், இரண்டு அணிகளும் வந்த பாதை. உராவாவின் பின்னால் 35 வருட தேசிய லீக் இருந்தது. ஒடிசாவின் பின்னால் இருந்தது ஒரே ஒரு ஹோம்-அவே சீசன், பன்னிரண்டு ஆட்டம். இடைவெளி பதினேழு கோல் என்பதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

ஆச்சரியம் அடுத்த வருடம் வந்தது. 2025-ல் ஈஸ்ட் பெங்கால் அதே போட்டிக்குத் தகுதி பெற்று, சீனாவின் வூஹானில் ஈரானின் பாம் கத்தூன் அணியை 3-1 என்று வீழ்த்தியது. அடுத்த இரண்டு ஆட்டங்களில் தோற்றது. ஆனால் 0-2, 0-3 என்று. அதே வருடத்தில்தான் சீனியர் அணி சியாங் மாயில் ஜெயித்தது. அண்டர்-20 அணியும் அண்டர்-17 அணியும்கூட அவரவர் ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றன. மூன்று வருடம் முன்பு, 2022 அண்டர்-17 உலகக் கோப்பையை நாமே நடத்தி, அமெரிக்காவிடம் 8-0, மொராக்கோவிடம் 3-0, பிரேசிலிடம் 5-0 என்று வாங்கிக்கட்டிக்கொண்ட நாடு இது.

எல்லாம் லீக் செய்த மாயம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். நல்ல கோச்கள், நீண்ட கேம்ப்கள், கொஞ்சம் அதிர்ஷ்டம் எல்லாம் சேர்ந்தது. இருந்தாலும் ஹோம்-அவே தொடங்கி இரண்டே சீசனில் இவ்வளவு நகர்ந்திருக்கிறது என்றால், 14 ஆட்டம் 22 ஆனால் எவ்வளவு நகரும் என்று கணக்குப் போட எந்த நிபுணரும் வேண்டாம்.

அதற்கு என்ன வேண்டும்? 22 ஆட்டத்துக்குப் பன்னிரண்டு அணி வேண்டும். அணி நடத்தச் செலவு இருக்கிறது: பயணம், தங்குமிடம், பிசியோ, வெளிநாட்டு வீராங்கனைகள், மைதான வாடகை. வரவு அநேகமாக இல்லை. டிக்கெட் வருமானம் கிடையாது, ஒளிபரப்பு உரிமைப் பணம் கிடையாது. ஆட்டங்கள் யூடியூபில் இலவசமாக ஓடியிருக்கின்றன. தனியாளாகப் பெண்கள் அணியை மட்டும் நடத்தும் கிளப் எத்தனை வருடம் கைக்காசைப் போடும்? ஏற்கெனவே மைதானமும் பிசியோவும் அலுவலகமும் வைத்திருக்கும் ஆண்கள் கிளப்புகள் பெண்கள் அணியையும் சேர்த்து நடத்தினால் செலவு குறையும். ஒடிசாவும் ஈஸ்ட் பெங்காலும் கோப்பை தூக்கியது இப்படித்தான். மற்ற ஐ.எஸ்.எல். கிளப்புகளுக்கு இதைக் கட்டாயமாக்கும் துணிச்சல் சம்மேளனத்துக்கு இன்னும் வரவில்லை.

இரண்டு முறை ஐ.எஸ்.எல். வென்ற சென்னையின் எஃப்.சி.யின் பெயர் ஐ.டபிள்யூ.எல். அணிப் பட்டியலில் ஒரு சீசனில்கூட வந்ததில்லை. தேசிய சாம்பியன்ஷிப்பை இரண்டு முறை வென்ற பெண்கள் இருக்கும் மாநிலத்தின் தலைநகர கிளப் அது. இதைவிடப் பெரிய குறை சொல்ல வேண்டுமானால், அந்த கிளப்பின் ரசிகர்கள் யாரும் அதை உரக்கக் கேட்டதில்லை என்பதைத்தான் சொல்ல வேண்டும்.

எனவே கேளுங்கள். நீங்கள் சென்னையின் எஃப்.சி. ரசிகர் என்றால், பெண்கள் அணி எங்கே என்று அடுத்த ஆட்டத்தில் ஒரு பேனர் பிடித்துக் கேளுங்கள். மதுரைக்காரர் என்றால், சேது எஃப்.சி.யின் ஆட்ட அட்டவணையை ஒரு முறை தேடிப் பாருங்கள். இந்திய சாம்பியனாக இருந்த உங்கள் ஊர் அணி அது. தொழில் நடத்துபவர் என்றால், ஒரு வீராங்கனைக்கு வருடத்துக்கு 3.2 லட்சம் என்ற கணக்கை உங்கள் விளம்பர பட்ஜெட்டுக்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். தமிழ்நாடு கால்பந்து சங்கத்துக்கும் அரசுக்கும் ஒரு வேண்டுகோள்: மாவட்ட ஸ்டேடியங்களில் காலை ஐந்தரைக்கு ஓடும் பெண்களுக்கு வருடத்தில் ஆறு மாதமாவது நடக்கும் ஒரு மாநில லீகை அமைத்துக் கொடுங்கள், ஆட்டம் நடக்கும் கிரவுண்டுகளில் கோல் போஸ்ட்டுக்கு வலையும் போட்டுக் கொடுங்கள்.